வட்டியில்லாமல் திரும்பி வந்த சிப்பாய்

செஸ் ஆடுகிற பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று எண்பதுகளில் எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. கெட்ட பழக்கங்களின் பட்டியலில் சீட்டாட்டத்துக்கு அடுத்த இடம். சீட்டிலாவது என்றைக்காவது நாலு காசு வரும், இதில் அதுவும் இல்லையே என்பது என் அப்பாவின் கட்சி. அவர் தபால் தந்தி இலாகாக்காரர். வார்த்தைக்கு வார்த்தை காசு வாங்கிய இலாகா என்பதாலோ என்னவோ, வீட்டிலும் சிக்கனமாகத்தான் பேசுவார். நான் பலகையை விரித்தால், "ஆரம்பிச்சாச்சா?" என்பார். அந்த ஒரு வார்த்தையில் என் டிகிரி, வேலை, எதிர்காலம் எல்லாமே அடங்கிவிடும்.

அதே சென்னையில் 2022-இல் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். குதிரைக்கு வேட்டி சட்டை உடுத்தி, 'தம்பி' என்று பேர் சூட்டி, ஊர் முழுக்கக் கைகூப்பி நிற்க வைத்தார்கள். மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட். மாஸ்கோவில் நடந்திருக்க வேண்டியது, உக்ரைன் போரால் இடம் மாறி நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அப்பா உயிரோடு இருந்து, பஸ்ஸில் அந்தப் பாலத்தைத் தாண்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். "ஆரம்பிச்சாச்சா?" என்றுதான் சொல்லியிருப்பார்.

எங்கள் காலத்தில் சென்னையில் செஸ் என்றால் ஆழ்வார்பேட்டை. கஸ்தூரி ரங்கா சாலையில் சோவியத் கலாசார மையம், அதற்குள், தாக்குதல் ஆட்டத்துக்குப் பேர்போன முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் பெயரில் ஒரு கிளப். மானுவல் ஆரோன் 1972-இல் தொடங்கி வைத்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் அவர். 1961-லேயே அந்தப் பட்டத்தை வாங்கியவர், ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1960-இல் லைப்சிக் ஒலிம்பியாடில், முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயையே தோற்கடித்தவர். இன்றைக்கு என்றால் விமான நிலையத்தில் மேளம் வைத்திருப்பார்கள். அன்றைக்கு ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், ஹாக்கிக்கும் டென்னிஸுக்கும் கீழே சில வரிகள் இடம் கிடைத்தால் பெரிது.

கிளப்பில் பிளிட்ஸ் என்கிற அதிவேக ஆட்டம் நடக்கும். ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து வரிசைக் கடைசிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு சின்னப் பையன் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவே மாட்டான். விஸ்வநாதன் ஆனந்த். எங்கள் தலைமுறைச் சென்னைக்காரர்களில் "ஆனந்தை ஒரு தடவை பிளிட்ஸ்ல ஜெயிச்சிருக்கேன்" என்று சொல்லாதவரை நான் சந்தித்ததில்லை. எல்லாருடைய கணக்கையும் கூட்டிப் பார்த்தால் அந்தப் பையன் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆகியிருக்க வழியே இல்லை. நான் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. வரிசையில் எனக்கு முன்னால் எப்போதும் கூட்டமாக இருந்தது.

அந்தக் காலத்தில் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளப் புத்தகத்தை விட்டால் கதி கிடையாது. ருஷ்யப் புத்தகங்கள் மலிவு. நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் டால்ஸ்டாய்க்கும் தோல் நோய் மருத்துவத்துக்கும் நடுவில் கெட்டி அட்டை போட்ட செஸ் புத்தகம் ஒன்று இருந்தால், அது பஸ் காசுக்குள் அடங்கும். இங்கிலாந்துப் புத்தகம் வேண்டுமென்றால் மூர் மார்க்கெட். 1985-இல் தீயில் போவதற்கு முன்னால் அங்கே கிடைக்காதது இல்லை. அங்கேதான் எனக்கு ஒரு பழைய தொகுப்பு கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆட்டங்கள். கட்டங்களுக்கு இப்போது போல எழுத்தும் எண்ணும் போடாமல், 'ராஜாவின் குதிரை, ராணியின் பிஷப்பின் மூன்றாம் வீடு' என்கிற பாணியில், ஜாதகம் எழுதுவது போல எழுதியிருக்கும். அதில்தான் எவான்ஸ் கேம்பிட் என்கிற தொடக்க ஆட்டம் எனக்கு அறிமுகம்.

ஆடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள். குதிரைகள் வெளியே வருகின்றன. வெள்ளையின் பிஷப் சி4-க்கும், கறுப்பின் பிஷப் சி5-க்கும் வந்து எதிரும் புதிருமாக நிற்கின்றன. இதுவரை நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம். நாலாவது நகர்வில், வெள்ளை ஆடுகிறவர் திடீரென்று பி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி அந்தக் கறுப்பு பிஷப்பின் வாயிலேயே வைக்கிறார். எடுத்துக்கொள், சும்மா தருகிறேன் என்கிறார். கறுப்பு அதை எடுத்தால், வெள்ளை அடுத்தடுத்து சிப்பாய்களைத் தள்ளி பிஷப்பை விரட்டி, நடுப் பலகையைப் பிடித்து, எதிரி ராஜா கோட்டைக்குள் போவதற்கு முன்னால் அடித்துவிடலாம் என்பது கணக்கு. ஒரு சிப்பாயின் விலைக்கு மூன்று நாலு நகர்வு நேரம்.

இதைக் கண்டுபிடித்தவர் செஸ் பண்டிதர் அல்ல, கப்பல் கேப்டன். வில்லியம் டேவிஸ் எவான்ஸ், வேல்ஸ் நாட்டுக்காரர், 1820-களில். இரவில் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க மூவர்ண விளக்கு முறையை வகுத்தவர் என்றும் அவரைச் சொல்வார்கள். கடலில் மோதலைத் தவிர்க்க விளக்கு, பலகையில் மோதலை வரவழைக்க ஒரு சிப்பாய். மனிதருக்குள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள்.

எவான்ஸ் கேம்பிட்டின் பெருமைக்கு ஒரே ஓர் ஆட்டம் போதும். 1852-இல் பெர்லினில் அடால்ஃப் ஆண்டர்சன், டுஃப்ரெஸ்ன் என்பவரோடு ஆடியது. ஆண்டர்சன், பிரெஸ்லாவில் கணக்கு வாத்தியார். கடைசியில் ராணியையே தூக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு பிஷப்பை வைத்து மேட் பண்ணினார். 'என்றும் வாடாதது' என்று அதற்குப் பெயர். நான் அந்த ஆட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்தேன். கல்லூரியில் கணக்குப் பதிவியல் ஓடும்போது நோட்டின் பின்பக்கத்தில் அதுதான் ஓடும். அந்தப் புத்தகம் முழுக்க அப்படித்தான், சிப்பாயைக் கொடுத்தவனெல்லாம் இருபத்தைந்து நகர்வில் ஜெயித்துக்கொண்டே இருந்தான். கொடுத்துவிட்டுத் தோற்றவனின் ஆட்டத்தை யார் அச்சடிப்பார்கள்?

இந்த ஞானத்தோடுதான் மாம்பலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த மாவட்டப் போட்டிக்குப் போனேன். ஐந்தாம் வகுப்பு பெஞ்சுகள், ரெக்ஸின் பலகைகள், குண்டு பல்பு. பாதி பலகைகளுக்குத்தான் கடிகாரம். சொந்தக் கடிகாரம் வைத்திருப்பவர் அதை மஞ்சள் பையில் கொண்டு வருவார், அவர் எதிரில் யார் உட்கார்ந்தாலும் ஒரு மரியாதையோடுதான் உட்காருவார்கள். நடுவர் ஆட்டக்காரர்களின் பெயர் எழுதிய அட்டைகளை மேஜையில் பரப்பி, சீட்டுக் கலைப்பது போல மாற்றி மாற்றி வைத்து யாருக்கு யார் ஜோடி என்று முடிவு பண்ணுவார். ஒரு சுற்றுக்கு ஜோடி போடும் நேரத்தில் வெளியே போய் டிபன் சாப்பிட்டு வந்துவிடலாம். உள்ளே சிகரெட் பிடிப்பார்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு வாய்த்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வேட்டி, அரைக்கைக் கதர்ச் சட்டை, பையில் இங்க் பேனா. ஏதோ ஒரு பேங்கில் கடன் பிரிவில் இருந்தார். உட்கார்ந்ததும் பொடி டப்பாவைப் பலகைக்குப் பக்கத்தில், ஒரு கூடுதல் காய் மாதிரி வைத்தார். நான் வெள்ளை. நாலாவது நகர்வில் பி4 தள்ளிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கேம்பிட் ஆடுகிறவன் சிப்பாயைத் தள்ளியதோடு நிறுத்த மாட்டான், முகத்தைப் பார்ப்பதும் அதில் சேர்த்திதான். அவர் பொடி டப்பாவைத் தட்டினார், ஒரு சிட்டிகை எடுத்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார், பிஷப்பால் சிப்பாயை எடுத்துக்கொண்டார். ஸ்கோர் ஷீட்டில் அதை நிதானமாக, லெட்ஜரில் வரவு வைப்பது போல எழுதினார்.

நான் சி3 தள்ளினேன். அவர் பிஷப்பை ஏ5-க்கு இழுத்துக்கொண்டார். நான் டி4. அந்த இடத்தில் இன்னொரு சிப்பாயையும் எடுக்கலாம், என் புத்தகத்தில் எல்லாரும் எடுத்தார்கள், எடுத்துச் செத்தார்கள். இவர் எடுக்கவில்லை. டி6 என்று ஒரு கட்டம் மட்டும் தள்ளினார். நான் கோட்டை கட்டினேன். அவர் பிஷப்பை இன்னும் ஒரு கட்டம் பின்னால், பி6-க்கு வைத்தார். பயந்துவிட்டார் என்று நினைத்து நடுவில் அவர் சிப்பாயை வெட்டினேன், அவர் பதிலுக்கு வெட்டினார், டி வரிசை திறந்தது, ராணிக்கு ராணி மாற்றினோம். பத்தாவது நகர்வில் என் குதிரை அவருடைய இ5 சிப்பாயை எடுத்தது. எண்ணிப் பார்த்தேன். அவருக்கு ஆறு சிப்பாய், எனக்கு ஆறு சிப்பாய். நான் கொடுத்தது திரும்பி வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, உங்க பொருள் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

பலகையைப் பாருங்கள்: ராணிகள் பெட்டிக்குள் போயாயிற்று. யாரை அடிப்பது, எதைக் கொண்டு அடிப்பது? ராணி இல்லாத எவான்ஸ் கேம்பிட்டில் ஆண்டர்சனே வந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. என் பக்கத்தில் ஏ வரிசையில் ஒரு சிப்பாய், சி வரிசையில் ஒரு சிப்பாய், ஒன்றுக்கொன்று துணையில்லாமல் நிற்கின்றன. அவருடைய சிப்பாய்கள் மூன்று மூன்றாக, கூட்டுக் குடும்பமாக இருக்கின்றன. அடுத்த நகர்வில் பிஷப்பை இ6-க்குக் கொண்டு வந்து, என் தாக்குதலின் உயிராக நின்ற பிஷப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அதன் பிறகு மூன்று மணி நேரம் அவர் செய்தது வசூல். அவசரம் இல்லை, சத்தம் இல்லை, ஜப்தி நோட்டீஸ்கூட இல்லை.

நாற்பதாவது நகர்வில் மாலை ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். யாருடைய முறையோ அவர் அடுத்த நகர்வைப் பலகையில் ஆடாமல், காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இருவரும் கையெழுத்திட்டு நடுவரிடம் கொடுக்க வேண்டும். நடுவர் அதைத் தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார். ராத்திரி முழுக்க நான் கூடத்தில் உட்கார்ந்து, அந்த உறைக்குள் என்ன இருக்கும் என்று யானைகளை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா, விஷயத்தை விசாரித்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் கவர்ல வேலைக்கு ஆர்டரா இருக்கு?"

காலையில், பேங்க்காரர் ஆபீசுக்குப் போகும் முன்பாக ஆட்டம் முடிந்தது. சி சிப்பாயை முதலில் எடுத்தார், ஏ சிப்பாயை அப்புறம். கை கொடுத்தேன். கிளம்பும்போது சொன்னார்: "எங்க கிளையில வாங்கறவன் ஒருத்தனும் திருப்பித் தர்றதில்லை தம்பி. நான் ஒருத்தனாவது தர்றேனேன்னு சந்தோஷப்படுங்க."

அவர் ஆடியது லாஸ்கர் தற்காப்பு என்று பின்னால் தெரிந்தது. இருபத்தேழு வருஷம் உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கரின் வைத்தியம் அது. கேம்பிட்டை மறுக்காதே, வாங்கிக்கொள், சரியான நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடு, நல்ல எண்ட்கேமோடு மிஞ்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரிய போட்டிகளிலிருந்து எவான்ஸ் கேம்பிட்டை இந்த மருந்து ஏறக்குறைய துரத்திவிட்டது. மாம்பலத்துக்குச் செய்தி வர எண்பது தொண்ணூறு வருஷம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 1995-இல் லாட்வியாவின் ரீகா நகரில், மறைந்த தாலின் நினைவாக ஒரு போட்டி நடந்தது. கேரி காஸ்பரோவுக்கு எதிரில் நம்முடைய ஆனந்த். நாலாவது நகர்வில் காஸ்பரோவ் பி4 தள்ளினார்! அருங்காட்சியகத்திலிருந்து வாளை எடுத்து வந்து வெட்டினால் எப்படி இருக்கும்? ஆனந்த் பிஷப்பை இ7-க்கு இழுத்துக்கொண்டு, ஆறாவது நகர்வில் குதிரையை ஏ5-க்கு அனுப்பினார். காஸ்பரோவ் தன் பிஷப்பை அமைதியாக இ2-க்குப் பின்வாங்கினார். இருபத்தைந்தே நகர்வில் ஆட்டம் முடிந்தது, ஆனந்த் தோற்றார். தால் கிளப்பில் வளர்ந்த பையன், தால் பெயரால் நடந்த போட்டியில், தால் ஆடியிருக்கக் கூடிய மாதிரியான ஆட்டத்தில் தோற்றார். பேப்பரில் நகர்வுகளைப் பார்த்தபோது எனக்கு வந்தது துக்கமா, பெருமையா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. ஊர் தோற்றுவிட்டது, ஓப்பனிங் ஜெயித்துவிட்டது. அந்த பேங்க்காரரைத் தேடிப் போய் பேப்பரைக் காட்ட வேண்டும் போல இருந்தது.

இனி இப்போதைய கதை. என் தங்கையின் பேத்திக்குப் பத்து வயது. சமீபத்தில் அவளுடைய ரேட்டிங் போட்டிக்கு நானும் கூடப் போனேன். புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரி, குளிரூட்டிய அரங்கம், வரிசை வரிசையாக மேஜை, ஒவ்வொன்றிலும் டிஜிட்டல் கடிகாரம். ஒன்றரை மணி நேரம், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக முப்பது வினாடி. வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்துப் பிள்ளைகளைத் தடவிப் பார்க்கிறார்கள். உள்ளே கைபேசி அடித்தால் ஆட்டம் போச்சு. பொடி டப்பாவையே உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம்தான்.

நாங்கள் நிற்க வேண்டிய இடம் கயிற்றுக்கு வெளியே. அது ஒரு தனி உலகம். தாய்மார்கள் பாய் விரித்து, தயிர்சாதம், எலுமிச்சை சாதம், ஃபிளாஸ்க் என்று முகாம் போட்டிருக்கிறார்கள். தகப்பன்மார்கள் கைபேசியில் அடுத்த சுற்று ஜோடிப் பட்டியலைத் தேய்த்துக்கொண்டே 'கே ஃபாக்டர் நாற்பது' என்று பேசிக்கொள்கிறார்கள். ஜெயித்தால் எத்தனை ரேட்டிங் புள்ளி ஏறும், தோற்றால் எத்தனை இறங்கும் என்கிற கணக்கு. எங்கள் நாளில் சர்வதேச ரேட்டிங் பட்டியலே 2200-க்கு மேல்தான் ஆரம்பம். சென்னையில் அது உள்ளவர்களை எல்லாரும் பெயர் சொல்லி அறிவார்கள். இப்போது 2024 மார்ச் முதல் 1400-இல் தொடங்குகிறது, அதற்கு மேல் ஏறி நிற்காத பிள்ளையின் தகப்பன் கயிற்றுப் பக்கம் கொஞ்சம் தள்ளியே நிற்கிறார். எண்ணைக் கேட்ட பிறகுதான் பேரைக் கேட்கிறார்கள்.

எங்கள் பெண்ணுக்கு வெள்ளைக் காய். வரும் வழியில் காரிலேயே லேப்டாப் திறந்து எதிராளிப் பையனின் பழைய ஆட்டங்களையெல்லாம் பார்த்தாகிவிட்டது. பத்து வயதுப் பையனுக்குப் பழைய ஆட்டங்கள்! எனக்கு அந்த பேங்க்காரரைப் பற்றித் தெரிந்திருந்ததெல்லாம் அவர் வேட்டியின் கரை நிறம் மட்டுமே. முன் வரிசைப் பலகைகளைக் காட்டும் திரை வெளியே இருந்தது. பார்த்தால் நாலாவது நகர்வில் பி4. எனக்கு ரோமம் சிலிர்த்தது. அவள் பையனின் முகத்தைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன், ஆனால் திரையில் காய்கள்தான் தெரிகின்றன, முகம் தெரிவதில்லை. அவனும் யோசிக்கவில்லை. எடுத்தான், இ7-க்கு இழுத்தான், குதிரையை ஏ5-க்கு வைத்தான், ஆனந்த் மாதிரியே. இவள் காஸ்பரோவ் மாதிரி பிஷப்பைப் பின்னுக்கு இழுக்காமல், குதிரையால் இ5 சிப்பாயை எடுத்தாள். பிஷப்பைக் குதிரை வெட்டியது, வெட்டிய குதிரையை இவள் குதிரை வெட்டியது, டி5, சிப்பாய்க்குச் சிப்பாய். பத்து நகர்வுக்குள் கணக்கு நேராகிவிட்டது. கடிகாரத்தில் இருவருக்கும் தொடங்கியபோது இருந்ததை விட நேரம் அதிகமாக இருந்தது. பிறகு கொஞ்ச நேரம் குதிரையும் ராணியும் உலாவின, ஒரே நிலை மூன்று முறை வந்தது, டிரா. இருவரும் கை கொடுத்துவிட்டு அவரவர் சாப்பாட்டு டப்பாவை நோக்கி ஓடினார்கள்.

எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்மா, அவ்வளவு பெரிய மேட்ச்ல சிப்பாயைத் தூக்கிக் கொடுத்தியே, பயமா இல்லையா?"

"கொடுக்கறது இல்ல தாத்தா, அது லைன். மனப்பாடமா படிச்சு வச்ச மூவ்ஸ்."

"அவன் வேற ஏதாவது ஆடியிருந்தா?"

"அதுக்கும் லைன் இருக்கு. எல்லாமே ஈக்வல்தான். கம்ப்யூட்டர் எஞ்சின்ல பார்த்தாச்சு."

எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. மாம்பலம், பேங்க்காரர், பொடி டப்பா, டி6, பி6, ராணிக்கு ராணி, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பளத்தைக் கடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "அவரு டி6 ஆடினாரா? அப்ப நீங்க கேஸில் பண்ணக் கூடாது தாத்தா. குயின் பி3 போகணும். அப்புறம் அவரால குயினை மாத்த முடியாது" என்றாள். லாஸ்கரின் மருந்துக்கு மாற்று மருந்து! அதை இவள், அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவில், ஏழாம் வாய்ப்பாடு போல ஒப்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து எஞ்சினிடம் கேட்டேன். அதுவும் குயின் பி3 என்றது.

அந்தக் காலம்போல வருமா என்று புலம்புகிற கட்சியில் நான் இல்லை. இந்தப் பிள்ளைகள் எங்களை விட எவ்வளவோ பலசாலிகள். எங்கள் பேங்க்காரர் இன்று வந்தால் இவள் மதியச் சாப்பாட்டுக்கு முன் அனுப்பிவிடுவாள். எங்களுக்கு இருந்த துணிச்சலில் பாதி, தெரியாமையால் வந்தது. கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. அதனால் ஆட்டம் காரசாரமாக இருந்தது. இப்போது இருவருக்கும் தெரியும், அதனால் டிரா. நான் நிஜமாகவே இழந்ததாக நினைப்பது அந்த ஒட்டிய உறையை மட்டும்தான். யாருக்கும் விடை தெரியாத ஒரு ராத்திரி அதற்குள் இருந்தது. கணினி வந்ததும் அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். வைத்திருந்தால் இன்றைக்கு ராத்திரி யோசிக்க வேண்டியவர் ஆட்டக்காரர் அல்ல, லேப்டாப்.

பலகையில் ஆபத்து ஒழிந்துவிட்டதே, அது எங்கே போயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதிக தூரம் போகவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருக்கிறது.

என் தங்கை மகன், அதாவது இந்தப் பெண்ணின் அப்பா, நல்ல கம்பெனியில் இருந்தவன். மகளைப் போட்டிகளுக்கு அழைத்துப் போக வேண்டுமென்று வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஏதோ ராத்திரி வேலை பார்க்கிறான். செங்கல்பட்டுப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனை போன வருஷம் கை மாறியது. ஆன்லைன் கோச்சுக்கு மணிக்கணக்கில் கட்டணம், நுழைவுக் கட்டணம், ரயில், விடுதி. பள்ளிக்கூடத்துக்கு அவள் போவது விசேஷ நாட்களில்தான். கேட்டால், "குகேஷ் அப்பா பண்ணலையா மாமா?" என்கிறான். உண்மைதான். குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தி வைத்தவர். அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன். கொடுத்தது வட்டியோடு வந்தது. மூர் மார்க்கெட்டில் நான் வாங்கிய புத்தகத்திலும் இப்படித்தான், கொடுத்தவர்களெல்லாம் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆனந்த் லயோலாவில் பி.காம். முடித்தவர் என்பதை அவனிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அது அந்தக் காலம் மாமா" என்றுவிட்டான். எங்கள் அப்பாக்கள் எங்கள் செஸ்ஸுக்காக ஒரு பஸ் டிக்கெட்கூடப் பணயம் வைக்கவில்லை. அதனால் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போவது சுலபமாக இருந்தது. தோற்றதே அவர்களுக்குத் தெரியாது, ஆடியது மட்டும்தான் தெரியும். இந்தப் பெண் தோற்றால் வெளியே வரும் முன்பே அப்பாவின் கைபேசிக்கு முடிவு வந்துவிடுகிறது, எத்தனை புள்ளி போயிற்று என்கிற கணக்கோடு. அவன் ஒன்றும் திட்டுவதில்லை, பாவம். "பரவாயில்லடா கண்ணு" என்கிறான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தை அவள் பார்க்கிறாள். நாலாவது நகர்வில் பையன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும், இந்த முகத்துக்கு எந்த லைனும் அவளிடம் இல்லை.

என் அப்பாவும் அவனும் நேரெதிர்க் கட்சி. ஒருவர் ஒரு சிப்பாயைக்கூடத் தர மாட்டார், இன்னொருவன் முதல் நகர்விலேயே ராணியைக் கொடுத்துவிட்டு நிற்கிறான். யார் ஆட்டம் சரி என்று எஞ்சினிடம் கேட்க முடியாது. லாஸ்கர் இருந்தால் ஒன்று கேட்பேன்: வேலையையும் மனையையும் எத்தனையாவது நகர்வில் திருப்பி வாங்குவது?

சாயங்காலம் அவள் இன்னொரு ஆட்டம் ஆடினாள், ஜெயித்தாள், ரேட்டிங் கொஞ்சம் ஏறியது. தஞ்சாவூரில் அடுத்த போட்டிக்குப் பணம் கட்டியாகிவிட்டது. நானும் போகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்காலிகளெல்லாம் கயிற்றுக்கு உள்ளேதான், ஆடுகிறவர்களுக்கு மட்டும். ஆளுக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வந்துவிடுங்கள்.